கவிழ்த்து வைத்த சுளகு

கீலக வருஷம் ஐப்பசி மாதம் பதினான்காம் தேதிக்கு என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "காலையில் தூறல். மேட்டிலிருந்து பொதிமாடுகள் தாமதமாக இறங்கின. காய் ஈரம். வீட்டில் எல்லோரும் சுகம். பிற்பகல் அவள் ஓய்வாக உட்கார்ந்து காம்பு கிள்ளினாள்."

கையெழுத்து என்னுடையதுதான், 'அவள்' என்பது என் மனைவி. மையும் மங்கவில்லை. மழையைப் பற்றி எழுதியது சரி, மாடுகளைப் பற்றி எழுதியது சரி. கடைசி இரண்டு வாக்கியங்களும் பொய். எழுதும்போது அவை பொய் என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்குறிப்பை ஒருபோதும் பார்த்திராத, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அது தெரிந்திருந்தது. அவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள். இந்தக் குறிப்பு அவரைப் பற்றியது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தெருவிலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. முகத்துக்கு நேரே ஆத்தா, அக்கா என்பார்கள். தலை மறைந்ததும் 'சுளகு கவுத்தி' என்பார்கள். என் நாட்குறிப்பில் நான் 'பக்கத்து வீட்டுக்காரி' என்று எழுதியிருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இப்போதுதான் 'அவர்' என்று எழுதக் கை வருகிறது.

போடியில் அப்போது நான் ஒரு ஏலக்காய் மண்டியில் எழுத்தராக இருந்தேன். மலையில் உலர்த்திய காய் மாட்டு முதுகில் இறங்கி வரும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு முனையில் காம்பும், மறுமுனையில் காய்ந்த பூவின் மிச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் விரலால் கிள்ளி எடுத்து, சுளகில் புடைத்து, பெரிது சிறிது பிரிக்க வேண்டும். அந்த வேலை மண்டியில் பாதியும் வீடுகளில் பாதியும் நடந்தது. ஆவணி தொடங்கித் தை முடிய எங்கள் தெருவில் சுளகு மடியில் இல்லாத பெண்ணைப் பார்ப்பது அரிது.

எங்கள் ஊர் செய்த பிழை ஒன்று உண்டு. வேறு ஊர்களில் இது நடந்ததாக நான் கேட்டதில்லை. நாங்கள் இந்த வேலையை ஓய்வு என்று நினைத்தோம். மலையில் காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் அட்டைக்கடியில், ஈரத்தில், குனிந்தே நிற்கிறார்கள். அதைப் பார்த்த ஊருக்கு, நிழலில் உட்கார்ந்து செய்வது வேலையாகத் தோன்றவில்லை. 'ஒக்காந்த சோலி' என்பது அதன் பெயர். தண்ணீர் சுமந்து களைத்து வந்தவளிடம், செத்த உட்காரு என்று சொல்லிச் சுளகைக் கொடுப்பார்கள். விருந்துக்கு வந்தவளுக்கும் பேச்சோடு பேச்சாக ஒரு சுளகு வந்துவிடும். காய்ச்சல்காரிக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் அப்படித்தான். அந்த ஐப்பசியில் 'ஓய்வாக' என்ற சொல்லை நான் பல முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதற்கு அடுத்த சொல் 'காம்பு.'

பக்கத்து வீட்டு அம்மாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உச்சி வெயிலில் அடுப்பை அவித்துவிட்டு, தன் சுளகை எடுத்து வாசற்படியில் கவிழ்த்து வைப்பார். உள்ளே கோரைப் பாயை விரித்து, ஒரு கையைக் கண்ணின் மேல் போட்டுப் படுத்துவிடுவார். கதவைச் சாத்த மாட்டார். தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் அவர் படுத்திருப்பது தெரியும். சுளகைக் கவிழ்ப்பது வீட்டுக்கு ஆகாது என்று நினைக்கிற ஊர் எங்களுடையது. அவர் அதை நாள் தவறாமல் செய்தார்.

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு பூவரச மரம் நின்றது. அதன் நிழல் அவர் முற்றத்து ஆட்டுரலைத் தொடும்போது படுப்பார். எங்கள் பக்கத்துச் சுவரைத் தொடும்போது எழுவார். கடிகாரத்தை வைத்து நான் அதை அளந்திருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எதையும் அளந்து வைப்பது என் பழக்கம். ஆனால் இதை அளந்தது கேலி செய்வதற்காக.

அந்த நேரத்தில் யாராவது வந்து, "ஏத்தா, இருக்கியா?" என்றால் கண்ணைத் திறக்காமலே பதில் வரும்.

"இல்ல. நெழலு செவருக்குப் போகட்டும், வர்றேன்."

இதைச் சொல்லிச் சொல்லித் தெரு சிரித்தது. அவருடைய மூன்று பிள்ளைகளும் இதையே கற்றுக்கொண்டார்கள். வாசலில் விளையாடியபடியே, வருகிறவர்களிடம் ஆத்தா இல்லை, உள்ளே படுத்திருக்கிறாள் என்பார்கள். பசித்தால் தாங்களே கஞ்சியை மொண்டு குடிப்பார்கள். அதில் கடைசிப் பிள்ளை இரண்டு வயது, இன்னும் பால்குடி மறக்காதது. அதுகூட அந்த நேரத்தில் பாயின் ஓரத்தில் போய் முடங்கிக்கொள்ளும். தாயின் பக்கத்தில் இல்லை, ஒரு முழம் தள்ளி. அந்த ஒரு முழத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் பொதிமாட்டுக்காரர். மேட்டுக்கு ஏறினால் இறங்க நாலு நாள், ஐந்து நாள் ஆகும். ஒரு நாள் சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார். சுளகு கவிழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மாடுகளைப் பூவரசில் கட்டி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். எதிர்வீட்டு ஆள் கேட்டார்.

"என்ன மாப்ளே, கோட்டக் கதவு சாத்திக் கெடக்கா?"

"உள்ள ராசா தூங்குறாக. எழுப்புனா தலை போயிரும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு சத்தம் வராமல் மாட்டுக் கழுத்து மணியைக் கையால் பிடித்துக்கொண்டார். நிழல் சுவருக்குப் போகிறவரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று அன்றைக்கு எழுதி வைத்தேன்.

சோம்பேறி என்று சொல்லவும் வழியில்லை. விடியுமுன் கொட்டகுடி ஆற்றிலிருந்து முதல் குடம் அவர் வீட்டுக்குத்தான் வரும். மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டுவார், நெல் குத்துவார். மண்டியில் காய் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தெருவிலிருந்து வந்த காயில் நசுங்கல் குறைந்தது அவர் கிள்ளிய காயே. பெண்களுக்கு இதுதான் பொறுக்கவில்லை. என் அக்கா ஒரு நாள் சொன்னதைக் கேட்டேன்.

"சோலியும் பாக்குறா, படுக்கவும் செய்றா. ரெண்டும் எப்படி ஒருத்திக்குக் கூடும்?"

அக்கா எனக்கு மூத்தவள். இளம் வயதில் கணவனை இழந்து எங்களோடு வந்தவள். வீட்டை நடத்தியது அவளே. உட்காராமல் வேலை செய்கிறவள், என் மனைவியையும் அப்படியே பழக்கினாள். பெண் பகலில் படுத்தால் லட்சுமி வெளியேறிவிடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கெட்டவள் என்று அக்காவை எழுத மாட்டேன். தனக்கு யாரும் கொடுக்காத ஒன்றை அடுத்தவளுக்குக் கொடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

என் மனைவிக்கும் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் பேச்சு சுவர் வழியாகத்தான். அவள் கிள்ளிக்கொண்டே பேசுவாள், அவர் நின்றுகொண்டு பேசுவார். ஒரு நாள் அவர் இப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது.

"கை ஓடுற வரைக்கும் அது ஓய்வு இல்ல தங்கச்சி. மாடு அசை போடும்போது முதுகுல பொதி இருக்காதுல்ல? எறக்கி வச்சுத்தான் போடும்."

"நான் படுத்துட்டா வீட்ட யாரு பாக்குறது அக்கா?" என்றாள் என் மனைவி.

"ஒரு நாழி யாரும் பாக்க வேணாம். ஒண்ணும் ஓடிப் போயிராது."

என் மனைவி சிரித்தாள். அப்படி ஒரு காரியத்தை நினைத்துப் பார்ப்பதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் படுத்து நான் பார்த்தது பிரசவங்களின்போது மட்டும். அப்போதும் யாராவது வரும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்த அம்மாளைப் பற்றி ஒரு வதந்தி உண்டு. போடிக்கு வருமுன் அவர்கள் குடும்பமாக மலைச்சரிவில் ஏலத்தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே தன் கைக்குழந்தையை இவர் தூக்கத்தில் நசுக்கிக் கொன்றுவிட்டார் என்பது பேச்சு. மலையிலிருந்து யாரோ இறக்கி வந்த செய்தி. தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் நேரே கேட்டதில்லை. பிள்ளையைத் தின்ற தூக்கத்தை இன்னும் விடவில்லை பார் என்று முணுமுணுப்பார்கள். எனக்கும் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது ஒரு நடுக்கம் இருந்தது. கையைக் கண்ணின் மேல் போட்டு, அசையாமல், அவ்வளவு நிச்சயமாகப் படுத்திருக்கும் பெண்ணைப் பார்க்கும் நடுக்கம் அது.

கீலக வருஷம் புரட்டாசி இருபத்தெட்டில் எங்களுக்கு ஐந்தாவது குழந்தை, பெண், பிறந்தது. மனைவியின் பிறந்த ஊர் சிலமலை. அங்கே அவளுடைய தாய் இறந்துபோயிருந்ததால் பிரசவம் எங்கள் வீட்டிலேயே. கடினமான பிரசவம், ரத்தம் அதிகம் போயிற்று. ஐந்தாம் நாள் அக்கா மூத்த பிள்ளைகளின் வேலைகளை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். பத்தாம் நாள் சுளகு வந்தது. காய் வரத்து உச்சத்தில் இருந்தது. பிள்ளை பெற்றவள் எப்படியும் உட்கார்ந்துதான் இருக்கிறாள், கை சும்மாதான் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் இயல்பாகப் பட்டது. காயை மண்டியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

இனி, தொடக்கத்தில் எடுத்துக்காட்டிய ஐப்பசி பதினான்கு.

மாடுகள் இறங்கத் தாமதமானதால் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலில் எங்கள் சுளகு கவிழ்ந்து கிடந்தது. கூடத்தில் காய் சிதறியிருந்தது. என் மனைவி சுவரில் சாய்ந்து, வெறும் மடியோடு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. அக்கா நடுக்கூடத்தில். பக்கத்து வீட்டு அம்மாள் படிக்கு வெளியே, ஈர மண்ணில் நின்றார். அவர் உள்ளே வந்து, மடியிலிருந்த சுளகை எடுத்து, காயைக் கொட்டிவிட்டு, எங்கள் வாசலில் கவிழ்த்திருந்தார்.

"பச்சப் பிள்ளை இருக்குற வீட்டுல சுளகைக் கவுத்துட்டா. கேளு தம்பி" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணே, பிள்ளை பெத்து இன்னைக்குப் பதினேழு நாளு. காலு வீங்கியிருக்கு. ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குது. செத்த படுக்க விடுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள் என் மனைவி. "ஒக்காந்துதான இருக்கேன். நீங்க போங்க."

அப்போது அக்கா அதைச் சொன்னாள். "தூங்கியே ஒரு பிள்ளையைத் தின்னவ, எங்க வீட்டுப் பிள்ளைக்கு வழி சொல்ல வந்துட்டா."

தெருவில் இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். அந்த அம்மாள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. பதில் அக்காவுக்கு. ஆனால் என் மனைவியைப் பார்த்தே சொன்னார்.

"ஆமா மதினி. எம்பிள்ளை என் மாருக்கு அடியிலதான் போச்சு. நான் படுத்துத் தூங்கல. மூணு நாளா காய் எடுப்பு. எடுத்துட்டு வந்தா ராவெல்லாம் காயப் போட்ட காயைக் கிண்டிக்கிட்டே இருக்கணும். ஒக்காந்த சோலிதான, பாருன்னாக. மத்தியானம் பால் குடுக்கச் செவத்துல சாஞ்சேன். அம்புட்டுத்தான் தெரியும். கங்காணி கத்துனதுல முழிச்சேன். நான் தூங்குனதால பிள்ளை போச்சுன்னு எல்லாரும் சொல்றாக. தூங்காததாலதான் போச்சு. ஒரு நாழி படு ஆத்தான்னு ஒரு ஆளு சொல்லியிருந்தா, அதுக்கு இன்னைக்கு ஏழு வயசு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செய்ததை இங்கே எழுதத்தான் வேண்டும், அன்றைக்கு எழுதவில்லை. குனிந்து சுளகை எடுத்தேன். ஒட்டியிருந்த ஈர மண்ணைத் தட்டினேன். நிமிர்த்தி, என் மனைவியின் மடியில் வைத்தேன்.

"எங்க வீட்டு விசயம் ஆத்தா. நாங்க பாத்துக்கிடுறோம்" என்றேன்.

என் மனைவி உடனே தரையில் கிடந்த காய்களைப் பொறுக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தனக்காக ஒரு சண்டை நடக்கவில்லை, தான் யாருக்கும் பாரமாகவில்லை என்ற நிம்மதி. அதை நான் அவளுடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மாலையில் நாட்குறிப்பைத் திறந்து, எல்லோரும் சுகம் என்று எழுதினேன்.

அதன் பிறகும் அந்த அம்மாள் விடவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் மண்டிக்குப் போகும் வழியில் நிறுத்தி, "அண்ணே, தங்கச்சி கால என்னைக்காவது பாத்தீகளா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். 'பக்கத்து வீட்டுக்காரி வழியில் நிறுத்தி வீண்பேச்சு' என்று எழுதியிருக்கிறேன். அன்றைய காற்றின் திசைகூட எழுதியிருக்கிறேன். காலைப் பார்த்ததாகக் குறிப்பு இல்லை. பார்க்கவில்லை என்பதே காரணம்.

நாட்குறிப்பு மார்கழி ஆறோடு நிற்கிறது. ஏழாம் தேதி மதியம் சாப்பிட வந்தேன். என் மனைவி கூடத்துச் சுவரில் சாய்ந்து, தலை ஒரு பக்கம் சரிந்து, கை சுளகுக்குள் இருக்க, கண்ணை மூடியிருந்தாள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பாரு தம்பி, ஒக்காந்தபடியே தூங்குறா."

"விடு. தூங்கட்டும்" என்றேன்.

அவளைத் தூங்க விடும்படி அந்த வீட்டில் நான் சொன்ன முதல் வார்த்தை அது. சாப்பிட்டு முடித்தேன், கை கழுவினேன். குழந்தை அழுதது. அவள் எழவில்லை. அக்கா தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. நான் வரும்போதே முடிந்திருக்கலாம்.

ரத்தம் நீராகி நெஞ்சு நின்றது என்றார் வைத்தியர். பின்னாளில் கையில் கிடைத்த வைத்திய நூல்களை எல்லாம் படித்தேன். பிரசவத்துக்குப் பின் கால் வீங்குவதையும் மூச்சு வாங்குவதையும் பற்றி அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஓய்வு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் எழுத மாட்டேன். அதற்குச் சான்று இல்லை. கொடுக்கப்படவில்லை என்பதற்குச் சான்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அன்று முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அம்மாள்தான். இறந்தவளின் மடியிலிருந்த சுளகை எடுத்து எங்கள் வாசலில் கவிழ்த்தார். இம்முறை அதை அக்காவும் நிமிர்த்தவில்லை, நானும் நிமிர்த்தவில்லை.

குழந்தைக்குப் பால் கொடுத்தவரும் அவர்தான். நாளுக்குப் பல முறை எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு முறைகூடச் சுவரில் சாய மாட்டார். கூடத்து நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் மூத்த மகளை எதிரே உட்கார வைத்துக்கொள்வார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"என் மொகத்தையே பாத்துக்கிட்டிரு. கண்ணு செருகுனா தட்டு" என்பார்.

மதியம் தவறாமல் தூங்கி எழுகிறவர், கண் தெளிந்திருப்பவர். இருந்தாலும் அந்தக் காவல் இல்லாமல் என் குழந்தையை அவர் மடியில் எடுத்ததில்லை. பாயில் ஒரு முழம் தள்ளிக் கிடந்த பிள்ளையும், கணவர் பிடித்துக்கொண்டிருந்த மணியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவர் மதியத்தில் படுத்தது சுகத்துக்காக அல்ல. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும் என்பதற்காக, அந்த நேரத்தை யார் சிரித்தாலும் விட்டுக்கொடுக்காமல் இருந்தார். ஊர் அதைக் குற்றமாகப் பார்த்தது. தன்னைக் குற்றவாளியாக்கிய ஒரு பகலை நெஞ்சில் வைத்துக்கொண்டு, படுப்பதற்கு மட்டும் அவர் வெட்கப்படவில்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது. சிலமலையில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். மதியம் சின்னவனோடு படுத்திருந்தவள், என் செருப்புச் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்து சுளகைத் தேடினாள். படும்மா என்றேன்.

"அப்பா வந்திருக்காக, நான் படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அந்தக் கூச்சத்தை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். தாய் முகத்தை அறியாத பெண்ணுக்கு அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. சுளகை அவள் கையிலிருந்து வாங்கி வாசற்படியில் கவிழ்த்துவிட்டு, நான் வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். இதை எழுதுவது அதனால்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. சௌமிய வருஷம் வைகாசியில் பக்கத்து வீட்டார் மாடுகளோடு தேவாரம் பக்கம் குடிபோனார்கள். வண்டியில் சாமான் ஏற்றிய பிறகு அந்த அம்மாள் என்னிடம் வந்தார்.

"அண்ணே, தங்கச்சி ஒரு நா எங்க வீட்டுல படுத்துத் தூங்குச்சு. உங்களுக்குத் தெரியாது."

வண்டிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கார்த்திகையில. கொஞ்சம் புளி வாங்க வந்துச்சு. பாய் விரிச்சுக் கெடந்துச்சு, நான் எந்திரிச்சு எடம் விட்டேன். செத்த நேரம் பாத்துக்கிட்டே நின்னுச்சு, அப்புறம் படுத்திருச்சு. நெழலு செவருக்குப் போற வரைக்கும் தூங்குச்சு. நல்ல தூக்கம். வாசல்ல சுளகு கவுந்திருந்துச்சா, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. முழிச்சதும் பயந்துபோயி என் கையப் பிடிச்சுக்கிருச்சு, வீட்டுல சொல்லிராதீகன்னு. அதான் இத்தன நா சொல்லல."

"என்னைக்கு?" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நாளா? வெயிலடிச்ச ஒரு நாளு அண்ணே." வண்டி கிளம்பிவிட்டது. பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இரண்டு முறை தேவாரத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். அப்படி ஒரு குடும்பம் வந்தது, மறுபடி மலையேறிவிட்டது என்றுதான் தகவல் வந்தது. அக்கா இறந்துவிட்டாள். மூத்த மகளுக்கு நினைவில்லை.

நாட்குறிப்பை வைத்துப் பார்த்தேன். அந்தக் கார்த்திகை முழுவதும் மழை. வெயில் என்று எழுதியிருப்பது இரண்டு நாள்தான். ஒன்றில் அவள் மதியம் முழுவதும் என் கண்ணெதிரே இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. மற்றது பத்தொன்பதாம் தேதி. அதில், "வெளியே போனவள் வர நேரமாயிற்று. அக்கா கோபித்தாள். நானும் கண்டித்தேன்" என்று இருக்கிறது. எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை, அல்லது கேட்டு எழுதவில்லை. நாள் பொருந்துகிறது. ஆனால் அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: "பிற்பகல் மேகம்." மேகம் கூடிவிட்டால் நிழல் ஏது, அது சுவர் வரை போவது ஏது? துக்கத்தில் நின்ற ஒருவனுக்கு அந்த அம்மாள் இரக்கப்பட்டுச் சொன்ன கதையாகவும் இருக்கலாம். மேகம் கூடுமுன்பே அவள் ஒரு நாழி தூங்கி எழுந்திருக்கவும் கூடும்.

மேகம் எந்த நேரத்தில் கூடியது என்று நான் குறித்து வைக்கவில்லை. கீலக வருஷம் கார்த்திகை பத்தொன்பதாம் தேதி பூவரசின் நிழல் எங்கள் சுவரைத் தொட்டதா என்பது இதுவரை உறுதியாகவில்லை.